இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு தின்னும்.
இருபது தெத்ரி போட்டால்தான் கதவு மூடும்,
முனகிக்கொண்டே ஒன்பதாம் மாடிக்கு ஏறும்.
ருஸ்தாவியில் இது யாருக்கும் புதிதில்லை.
புதிதாய் இருந்தது, போன மார்ச்சில்,
லிஃப்ட் நின்றுபோன அன்று
நூற்றியெண்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிற நான்
ஐந்தாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டதுதான்,
ஒரு பை வெங்காயத்தோடு.

குழந்தை வண்டியைத் தோளில் மாட்டியபடி
இறங்கி வந்தாள் இர்மா.
"நுக்சார், யாரையாவது கூப்பிடட்டுமா?"
ஷூ லேஸ் கட்டுகிறேன் என்றேன்.
காலில் இருந்தது செருப்பு.

டாக்டர் எதெரி நாடி பிடித்தார்.
சும்மா இருக்கும்போதே எண்பத்தெட்டு.
காமாஸ் லாரிக்குள் லாடா கார் எஞ்சின் என்றார்.
சிரிக்கவில்லை.

நான் பழகும் ஜிம் நிலவறையில் இருக்கிறது.
சன்னல் வழியே தெரிவது
நடைபாதையில் போகிறவர்களின் பாதங்கள் மட்டும்.
அங்கே என் இதயத்துக்கு ஆளுக்கொரு யோசனை.
ஓடாதே, ஓட்டம் தசையைத் தின்னும் என்றான் பேஷான்,
பதினெட்டு வருடமாய்
பேருந்துக்குக்கூட ஓடாதவன்.

ஓடிப் பார்த்தேன்.
ஆற்றங்கரையில், விடியலில்,
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய தெருநாய்கள் துணைக்கு வர.
நூற்றுநான்கு கிலோ,
ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஒரு முறையீடு.
மூன்றாம் நாள் நாய்கள் மட்டும் ஓடின.

துடுப்பு மெஷினில் இழுத்தேன்.
சுகமாகத்தான் இருந்தது.
வியாழக்கிழமை கம்பியைப் பிடித்தால்
தரை அதை விடவில்லை.
முதுகு தன் கூலியைப்
புதன்கிழமையே செலவழித்திருந்தது.

சைக்கிளில் இருபது வினாடி வெறி, ஒரு நிமிடம் ஓய்வு,
மறுபடி வெறி.
எட்டாவது சுற்றில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது.
அப்புறம் இரண்டு நாள்
தொடை என்னோடு பேசவில்லை.

லமாரா குடிநீர் வாரியத்தில் கணக்கு எழுதுகிறாள்.
வாரம் ஒருமுறை என் புஜத்தை நாடாவால் அளக்கிறவளும் அவளே.
நாற்பத்திமூன்று சென்டிமீட்டர்.
அது குறைந்துவிடும் என்ற பயத்தில்தான்
நான் உயிரையே தள்ளிப்போட்டிருந்தேன் போல.
"உனக்கு என்னதான் வேண்டும்?
கையா, மூச்சா, பென்ஷன்வரை ஆயுளா?"
மூன்றும் என்றேன்.
"அப்படியானால் மூன்றுக்கும் சண்டை வராத வேலையாய்ப் பார்,"
என்று சொல்லிவிட்டு
சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள், லிஃப்டுக்கு.

நான் படிகளைப் பார்த்தேன்.

மெதுவாக.
பேசினால் பேச்சு அறுந்துபோகாத வேகத்தில்.
கதவுப் பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டே ஏறுவேன்.
மூன்றாம் மாடியில் அவரை வேகிற மணம்,
நான்கில் வால்நட்டும் பூண்டும்,
ஆறில் யாரோ அக்கார்டியனில்
ஒரே இடத்தில் ஒன்பது மாதமாய்த் தடுக்கி விழுகிறார்கள்.
எடை தூக்கிய பிறகுதான் ஏற்றம், முன்னால் இல்லை.
வாரம் நான்கு நாள், நாளுக்கு இரண்டு தடவை.
கால் பயிற்சி நாளன்று மட்டும்
வெட்கமே இல்லாமல் காசு போட்டு
லிஃப்டில் போகிறேன்.

பதினோரு வாரம்.
நாடி எழுபத்தொன்று.
புஜம் அதே நாற்பத்திமூன்று.
லமாரா நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாளோ என்னவோ,
நான் கேட்கவில்லை.
ஏறாத லிஃப்டின் காசெல்லாம்
ஊறுகாய் ஜாடியில் பதினேழு லரி அறுபது தெத்ரி.
கச்சாபுரி வாங்கிச் சாப்பிட்டோம்.
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்:
"தசைக்கு."

நேற்று மறுபடி லிஃப்ட் நின்றது.
கீழே இர்மா, தூங்கும் குழந்தை, வண்டி.
வண்டியை நான் தூக்கினேன்.
ஏழாம் மாடித் திருப்பத்தில் ஏதோ கேட்டாள்,
அக்கார்டியன் வாசிப்பது யார் என்று.
நிற்காமல் பதில் சொன்னேன்.
சரியான பதிலா, தெரியாது.
ஆனால் முழு வாக்கியம் அது.
எழுவாய் இருந்தது, செயப்படுபொருள் இருந்தது,
கடைசியில்
பயனிலையும் வந்து சேர்ந்தது.